மாதம்மாளை நீக்கியது யார்?

விழாவுக்குத் தலைமை ஏற்றதோடு, என் கையில் மைக்கைக் கொடுத்த வினையையும் ஏற்றுக்கொண்ட எஸ்டேட் மேலாளர் பாலசுப்பிரமணியம் ஐயா அவர்களே! வாழ்த்திப் பேசியே எங்களை வாட வைத்த பெரியோர்களே! களை வெட்டிய கையோடு வந்திருக்கும் தலைச்சோலைத் தாய்மார்களே! ஒண்டிக்கடையில் பாதி டீயை விட்டுவிட்டு ஓடிவந்த அண்ணன்மார்களே! பத்தாம் வகுப்பு அமலியின் பணிவான, ஆனால் குனியாத வணக்கம்!

எஸ்டேட் ஆபீசுக்குக் கணிப்பொறி வந்த நூறாவது நாள் விழா இது. அதன் நன்மைகளைப் பேசச் சொன்னார்கள். வேகமானது, விலை உயர்ந்தது, வியர்க்காதது. முடிந்தது நன்மை! இனி உண்மை!

போன மாதக் கடைசியில் சேர்வராயன் கோயில் திருவிழா. மலைமேல் போகிறவர்களுக்கு எங்கள் ரைட்டர் மரியஜோசப் ஐயா ஆஜர்ப் பதிவேட்டில் 'கோயில்' என்று எழுதிவைப்பது வருடா வருடம் வழக்கம். கணிப்பொறியில் கோயிலுக்குக் கட்டமே இல்லை! வந்தார், வரவில்லை, இரண்டே கட்டம். தொடர்ந்து நாலு நாள் வராதவர் வேலையை விட்டுப் போனவராம்! மற்றவர்கள் இரண்டு நாளில் இறங்கிவிட்டார்கள். மாதம்மாள் அக்கா குடும்பத்துக்கு இந்த வருடம் கோயிலில் பந்தல் போடும் முறை. நாலு நாளும் மேலேயே இருந்தார்.

இறங்கி வந்தால் கையில் அச்சடித்த கடிதம். வேலை இல்லை, பத்து நாளில் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்! பதினெட்டு வருட உழைப்பு, பதினெட்டு நொடியில் அழிப்பு!

"ஏனுங்க சாமி, நான் என்ன தப்புப் பண்ணுனேனுங்க?" என்று மேலாளரிடம் கேட்டார் அக்கா.

"நான் நீக்கலீங்க அம்மணி. மெஷின் நீக்கிருச்சுங்க. நான் என்ன பண்றது?"

அப்படியா? மெஷினின் மூளையைச் சோதிக்க, ஆறு நாள் நானும் தினம் ஒரு ஆஜர்ச் சீட்டு எழுதி, கணிப்பொறியில் ஏற்றும் சீட்டுகளைப் போடும் ஆபீஸ் பெட்டியில் போட்டேன். இதோ, அது அச்சடித்த பட்டியல்! 'டைகர். களை வெட்டு. ஆறு நாள் ஆஜர்.' யார் இந்த டைகர்? சிரிக்காதீர்கள் அம்மா, மேலாளர் பங்களா நாய்! பங்களாவில் படுத்துக்கிடந்த நாய் பணியாளர். பாடுபட்ட தாய் வெளியாள்!

"கண்ணு, தலைப்ப உட்டுப் போற!" என்கிறார் தலைவர். இல்லைங்க ஐயா, தலைப்பின் தலைமேலேயே நிற்கிறேன்!

குற்றத்தைச் சொன்னாயா, பதிலைக் கேட்டாயா, விசாரித்தாயா என்று கேட்கும் சட்டம். நாளை வழக்கு வந்தால் கூண்டில் ஏறக் கணிப்பொறிக்குக் காலுண்டா? பதில் சொல்ல நாவுண்டா? வெட்கப்பட முகமுண்டா? இயந்திரத்தை வாங்குங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? பொறுப்பை அதன் தலையில் கட்டாதீர்கள்! இன்று திருவிழாவுக்குப் போன மாதம்மாள். டிசம்பரில் கிறிஸ்துமஸுக்குப் போகும் என் அம்மா தெரசம்மாள்!

இதோ, அக்காவே கடிதத்தோடு மேடைக்கு வருகிறார். அடியில் கையெழுத்துக்குக் கோடு இருக்கிறது, கையெழுத்து இல்லை. ஐயா, பேனா இந்தாங்க. 'நீக்கியது நான்தான்' என்று இத்தனை பேர் முன்னால் கையெழுத்துப் போடுங்கள்!

என்னங்க? மைக்கில் சொல்லுங்க!

"திங்கக்கெழம வேலைக்கு வரச் சொல்லு, கண்ணு."

கைதட்டாதீர்கள், இன்னும் முடியவில்லை! ஐயா, கடிதத்தைத் திருப்புங்கள், பின்பக்கம் வெள்ளை. மாதம்மாளுக்கு வேலையும் உண்டு, வீடும் உண்டு என்று உங்கள் கையால் எழுதுங்கள். அதுவரை மைக் என்னிடம்தான்!

எழுதுகிறார்... கையெழுத்தும் போட்டுவிட்டார்! இப்போது தட்டுங்கள்!

நடுவில் ஒயரைப் பிடுங்காத மைக்செட் செல்வராஜ் அண்ணனுக்கு நன்றி. நிமிர்ந்து நிற்கும் மாதம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்!