ராமாயியோடு மலையிறங்கிய கிருஷ்ணகுமாரி அம்மையாருக்கு

மருந்துப் பெட்டியும் மடக்குக் குடையுமாய் மழையிலும் மேடேறி வந்த மாதரசியே! மலைநாட்டு மகளிரின் மனக்கதவைத் தட்டித் திறந்த மாண்பே! கொல்லிமலையின் தேவனூர் நாட்டிலும் குண்டனி நாட்டிலும் பிறந்த பிள்ளைகளின் முதல் அழுகையைக் கேட்டு முகம் மலர்ந்த மூத்த தாயே! கிராம சுகாதாரச் செவிலியராய் எங்களோடு பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திருமதி கிருஷ்ணகுமாரி அம்மையீர், வணங்குகிறோம்!

தங்கள் புகழைப் பாடக் காகிதம் போதாது என்று எழுதுவதுதான் வழக்கம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் சுமந்து ஓடையைக் கடந்ததும், நிற்காமல் போன பஸ்ஸை மறித்துக் கண்டக்டரை வறுத்தெடுத்ததும், தாமதமாய் வந்த எங்களைத் திட்டிய கையோடு காபி வாங்கிக் கொடுத்ததும் வரிசையாய் வந்து விழுந்தன. வாசித்துப் பார்த்த தாங்கள், "இதெல்லாம் இருக்கட்டும். ராமாயி கதையையும் என் கதையையும் எழுதுங்க. பொம்பளைங்க எல்லாம் கேக்கட்டும். இல்லாட்டி எனக்கு மாலையே வேண்டாம்" என்றீர்கள். தங்கள் சொல்லை மீறும் தைரியம் எங்களில் யாருக்கு என்றைக்கு இருந்தது! ஆகவே, பாராட்ட வந்த இடத்தில் பயத்தைப் பற்றி எழுதுகிறோம்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ராமாயி அம்மாள் குண்டனி நாட்டில் மிளகும் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளியும் விளைவிப்பவர். மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று படமெடுத்துப் பார்க்கும் வண்டி மலையடிவாரத்துக் காரவள்ளியில் வந்து நின்றபோது, தங்கள் பேச்சை நம்பி மலையிறங்கினார். இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து அழுத்தி, மூச்சடக்கி நிற்கச் சொன்னார்கள். வலித்தது, அவர் மூச்சை விட்டதும் தட்டும் விட்டுவிட்டது. அப்பாடா என்று வீடு திரும்பியவருக்கு அடுத்த வாரம் போன் வந்தது. இன்னொரு படம் எடுக்க வேண்டுமாம்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய நாத்தனார் பாவாயி, மார்பில் வந்த கட்டியை யாரிடமும் சொல்லாமல் மறைத்தே வைத்திருந்தார். அது புண்ணாகி வாடை வீசிய பிறகுதான் வீட்டாருக்கே தெரிந்தது. அந்தச் சாவு ராமாயியின் கண்ணுக்குள்ளேயே நின்றது. உலையில் அரிசி போடும்போதே ஒரு கை தானாக மார்புக்குப் போகும். தொட்ட இடமெல்லாம் கட்டியாகத் தெரியும். கணவர் அர்த்தனாரி என்னவென்று கேட்டால் அவர்மேல் எரிந்து விழுவார். அழைத்துப் போகத் தாங்கள் வருவதாகச் சேதி கேட்டதும், கிழங்குக் காட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

தாங்கள் விடுவீர்களா? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்து, அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தீர்கள்.

"நா வரலீங்க நர்சம்மா. அது இருக்குதுன்னு தெரிஞ்சா அன்னைக்கே நா செத்துப்போயிருவனுங்க" என்றார் ராமாயி.

"திரும்பக் கூப்பிட்டா அதுதான்னு யாரு கண்ணு சொன்னது? படம் தெளிவா விழலைன்னாலும் கூப்பிடுவாங்க. கூப்பிடறவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு மேல ஒண்ணும் இருக்காது."

"ஏனுங்க, நீங்க அந்த மிசின்ல நின்னிருக்கீங்களா?"

ஊருக்கெல்லாம் தைரியம் சொன்ன தாங்கள் ஒரு மண்கட்டியை எடுத்து உதிர்த்தபடி, "இல்ல கண்ணு. எனக்கும் பயந்தான்" என்றீர்களாம்.

"அப்பச் சரீங்க. நீங்களும் நிக்கறதுன்னா நா வாரேன்."

இப்படித்தான் இருவரும் காரவள்ளிக்கு இறங்கினீர்கள். வண்டியில் படமெடுக்கும் ராதிகா முதலில் கேட்டது ஒரே கேள்வி: "போன தடவை பவுடர் போட்டுட்டு வந்தீங்களாம்மா?"

"மூஞ்சிக்குப் போடலீங்க. நர்சம்மா பவுடர் ஆகாதுன்னாங்க. பஸ்ஸுல வேர்த்து நாறினா உங்க முன்னால எப்படிக் கையத் தூக்கறதுன்னு, அக்குள்ல மட்டும் நல்லாக் கொட்டிக்கிட்டனுங்க."

படத்தில் வெள்ளைப் புள்ளிகளாய் விழுந்து ராமாயியின் உயிரை எடுத்தது அந்தப் பவுடர்தான். ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள், புள்ளிகள் இல்லை. டாக்டர் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார். ராமாயி அழுதுகொண்டே சிரித்தார்.

அடுத்துத் தாங்கள் உள்ளே போனீர்கள். வெளியே வந்து, "அவ்வளவுதான், சும்மா" என்று சிரித்தீர்கள். ஆனால் தங்கள் ரவிக்கையில் ஒரு கொக்கி மாறிப் பூட்டியிருந்ததை ராமாயி பார்த்துவிட்டார். எதையும் ஒழுங்காகச் செய்கிற தாங்கள் அதைத் தப்பாக மாட்டியிருந்ததைக் கண்டதும், இவ்வளவு நாளும் தன்னிடம் இருந்த பயம் இடம் மாறிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. மலையேறும்வரை தங்கள் கையை அவர் விடவில்லை.

பிறகு தங்களுக்கு ஸ்கேன், அதன் பிறகு ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதனை. முடிவு வந்தது: அதுதான். கட்டி சிறியது, இப்போதே பார்த்தது நல்லதாயிற்று, எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். அவரை நம்புகிறோம். ஆனாலும் பயமாயிருக்கிறது, அம்மா. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. தனக்காக மலையிறங்க மறுத்த ராமாயி, மிளகுக் காட்டை அர்த்தனாரியிடம் விட்டுவிட்டு, "ஆஸ்பத்திரியில நர்சம்மா கூட நாந்தான் இருப்பேன், வேற ஆரும் வேண்டாம்" என்று துணிமணியைக் கட்டி வைத்துவிட்டார்.

நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் பெறுக என்று எத்தனையோ பேருக்கு எழுதிச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறோம். கைதட்டி முடிந்ததும் சாப்பிடப் போயிருக்கிறோம். இந்த முறை அந்த வரியை எழுதக் கை வரவில்லை; எங்களில் ஒருவர் எழுத முயன்று எழுந்து வெளியே போய்விட்டார். ஆகவே அலங்காரம் இல்லாமல் கேட்கிறோம்: அம்மா, எங்களுக்காக உயிரோடு இருங்கள்.

இப்படிக்கு,
தங்களிடம் திட்டு வாங்கி வளர்ந்த
ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்கள், கொல்லிமலை;
உடன், ராமாயி.