பழைய தொட்டியின் மூடி

செம்பாக்கத்தில் ஏரிக்காற்று நன்றாக வரும், வக்கீல் சார். அதற்காகத்தான் மேல்தளத்து ஃபிளாட்டைப் பிடித்தோம். போன வருஷத்திலிருந்து காற்றோடு வௌவால் எச்சத்தின் வாடையும் சேர்ந்து வந்தது. என் உள்ளறைக்கு நேர் மேலே, மொட்டை மாடியில் ஒரு பழைய சிமென்ட் தொட்டி. பிளாஸ்டிக் டேங்க் வைத்தபிறகு அதைக் காயப் போட்டிருந்தோம். அந்தச் சனியன்கள் அதில் குடியேறிவிட்டன. தண்ணீர் வழிகிற ஓட்டைதான் அவற்றுக்கு வாசல்.

என் மகள் பிளஸ்ஸி தலைப்பிரசவத்துக்கு வருவதாக இருந்தாள். அந்த அறையில்தான் படுக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு கரு தங்காமல் போன பெண், சார். டிவியில் வௌவால் காய்ச்சல் என்று சொல்லும்போதெல்லாம் எழுந்துபோய் அந்த அறை ஜன்னலைச் சாத்துவேன். தொட்டியை அடைக்காமல் விடுவேனா?

எதிர் ஃபிளாட்டு ஜெயசீலி கூடாது என்றாள். காலேஜில் விலங்கியல் பாடம் எடுக்கிறவள், தனியாக வாடகைக்கு இருந்தாள்.

"இதுங்க கொசு திங்கிற சின்ன வௌவால், ஆன்ட்டி. இப்ப குட்டி போட்டிருக்கு. சில வாரம் விட்டா குட்டியும் பறந்துடும். அப்புறம் வெளிய போக மட்டும் வழி வச்சு வலை கட்டலாம். நானே கட்டித் தர்றேன்."

இருட்டில் ஓயாமல் கத்தி, சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தை வைத்தே அவை வழி பிடிக்குமாம். அந்தக் கத்தல் நம் காதில் விழாதாம். அத்தனை குட்டிகளுக்கு நடுவே தாய் தன் குட்டியைக் குரலிலும் வாசனையிலும் கண்டுபிடித்துவிடுமாம். அசோசியேஷன் கூட்டத்தில் இதைச் சொன்னாள், எல்லோரும் தலையாட்டினார்கள். என் பிள்ளைக்கு ஒன்று என்றால் இவளா வந்து நிற்பாள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் சண்டைக்காரி இல்லை. செகரட்டரியாக இருந்துகொண்டு சண்டை போடக் கூடாது.

பிளஸ்ஸி வருவதற்கு முந்தின நாள், பொழுது சாய்ந்து பெரியவையெல்லாம் இரை தேடப் போனதும், செங்கல் துண்டும் சிமென்ட்டும் வைத்து ஓட்டையை அடைத்தேன். சற்று நேரத்தில் அவை திரும்பி வந்து, அடைத்த இடத்தையே சுற்றின. ஜெயசீலி மாடிக்கு ஓடி வந்தாள். அழுதாள், சார், வௌவாலுக்காக.

"மூடியையாவது திறங்க, ஆன்ட்டி. குட்டிங்களை நான் எடுத்துட்டுப் போயிடறேன். இல்லன்னா காலையில ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போவேன்."

கேட்டது நியாயம்தான். சாவி என்னிடம் இருந்தது. இரும்பு மூடியைத் திறந்தேன். தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டாள். விழுந்துவிடும் என்று செல்போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஏணியில் இறங்கினாள். காலையில் ஆபீசர்கள் வந்து ஓட்டையை இடித்துத் திறந்தால் பிளஸ்ஸியை நான் எங்கே படுக்க வைப்பேன்? மூடியைச் சாத்தினேன். பூட்டினேன்.

மறுநாள் பிளஸ்ஸி வந்து சேர்ந்தாள். அறையை ஃபினாயில் போட்டுக் கழுவி வைத்திருந்தேன். மே மாத வெயில், சிமென்ட் எல்லாம் கொதித்தது. மத்தியானம் படுத்திருந்தவள் கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, மேல யாரோ தட்டற மாதிரி இருக்கு. கூப்பிடற மாதிரியும் இருக்கு."

"வௌவால்தான்டி. அடைச்சுட்டேன்ல, கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும். திரும்பிப் படு."

திரும்பிப் படுத்தாள். தூங்கவில்லை. ஃபேனை வேகமாக வைத்தேன். ஜெயசீலியின் போனில் அவள் அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிளஸ்ஸிக்குத் தொந்தரவு என்று அதை அணைத்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் தட்டல் நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் வாட்ச்மேன் அப்பாதுரைதான் போலீசைக் கூப்பிட்டான்.

"இன்னாமா, தொட்டியாண்ட ஒரே நாத்தமா கீது. சாவி குடு, பாத்துட்டு வரேன்" என்றான். வௌவால் செத்திருக்கும் என்றேன். அவன் நம்பவில்லை.

ஆமாம் சார், அவள் உள்ளே இருப்பது தெரிந்துதான் பூட்டினேன். தட்டியது அவள்தான் என்றும் தெரியும். தெரிந்துதான் திறக்கவில்லை. என் பிள்ளைக்காகச் செய்தேன், எந்தத் தாயும் இதைத்தான் செய்வாள். பேரன் பிறந்து நன்றாக இருக்கிறானாம். பிளஸ்ஸி இதுவரை என்னைப் பார்க்க வரவில்லை, என் போனையும் எடுப்பதில்லை. எனக்கு வருத்தமே இல்லை. ஜெயிலில் என்னென்ன நோய் இருக்குமோ. பச்சைக் குழந்தையை வைத்திருப்பவள், ஜாக்கிரதையாக இருக்கிறாள்.