சுவருக்கு வெளியே பாடிய மெலெசேய்னி அம்மையார்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, வவாவுத் தீவின் பெரியவர்களே, ஆக்லாந்திலிருந்து வந்திருக்கும் உறவுகளே, இடுப்பில் துக்கப் பாய் கட்டி அமர்ந்திருக்கும் என் பாடகர் குழுவினரே, அனைவரையும் வணங்குகிறேன். நான் லூப்பே, இந்த ஊர் மருத்துவமனைத் தாதி. மெலெசேய்னி அம்மையார் நடத்திய குழுவில் பாடுகிறவள். ‘நடத்திய’ என்று சொல்ல இன்னும் நா எழவில்லை.

அவருடைய தம்பி செமிசியை நீங்கள் அறிவீர்கள். தீவுகளுக்கு இடையே படகு ஓட்டியவர். சர்க்கரை நோய் அவருடைய காலை முதலில் வாங்கியது. பிறகு சிறுநீரகத்தைப் பிடித்தது. மனைவி முன்பே போய்விட்டார். பிள்ளைகள் ஆக்லாந்தில். பார்த்துக்கொள்ள யார் இருந்தார்? அக்கா இருந்தார். ஆனால் நம் வழக்கத்தில் தம்பி படுத்திருக்கும் அறைக்குள் அக்கா நுழையக் கூடாதே! குளிப்பாட்டவும் புரட்டிப் படுக்கவைக்கவும் பக்கத்து வீட்டு ஆண்கள் வந்தார்கள். அம்மையார் சமைத்தார், துவைத்தார், பிறகு பலகைச் சுவருக்கு வெளியே பாய் விரித்து உட்கார்ந்தார். முகம் பார்க்க முடியாத பணிவிடை அது. நம்மில் எத்தனை பேரால் முடியும்?

செமிசி பேச்சை நிறுத்திவிட்டார். தட்டு போனபடியே திரும்பி வந்தது. ஒருநாள் மத்தியானம் அம்மையார் சேம்பிலை ஆய்ந்தபடி, தம்பியின் பழைய படகுப் பாதையைப் பற்றி வாய்க்கு வந்ததை ராகம் போட்டுப் பாடினார். ஊசி போட்டுவிட்டு நான் அறைக்குள் நின்றிருந்தேன். செமிசி கண்ணைத் திறந்தார்.

“அக்கா, அந்தப் பாறை அங்க இல்ல. நீங்க பாடுற மாதிரி போனா படகு உடஞ்சிரும்.”

“அப்ப நீயே சொல்லு, எங்க இருக்கு?”

அன்று தொடங்கியது. தம்பி உள்ளிருந்து வரி சொன்னார். அக்கா வெளியிலிருந்து ராகம் கட்டினார். பாறைகள், நீரோட்டங்கள், மழைக்கு முன் கடல் மாறும் நிறம், எல்லாம் பாட்டுக்குள் வந்தன. ஒரு சொல்லுக்காக அரை நாள் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்ததும் உண்டு. ஆனால் தட்டு காலியாகத் திரும்பத் தொடங்கியது.

அப்போதுதான் மூத்த மகன் பிலிமோனே, டயாலிசிஸுக்காக அப்பாவை ஆக்லாந்து அழைத்துப்போக வேண்டும் என்றார். செமிசி மறுத்தார். நம்மிடையே அத்தை சொல்லுக்கு மேல் சொல் ஏது? முடிவு அம்மையார் கைக்கு வந்தது. தம்பி பிழைக்கட்டும் என்று எந்த அக்காவுக்குத்தான் தோன்றாது? போகத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செமிசி பேசினார். “சாகணும்னு கேக்கல அக்கா. இருக்குற நாள இங்க இருந்துட்டுப் போறேன்னுதான் கேக்குறேன்.”

அன்று முழுக்க அம்மையார் பாடவில்லை. மறுநாள் காலை மருமகனுக்கு ஃபோன் செய்து, அப்பா இங்கேயே இருப்பார் என்றார்.

“நீங்கதான் எங்கப்பாவச் சாகடிக்கிறீங்க அத்தை” என்றார் பிலிமோனே. இந்த மண்ணில் அத்தையிடம் யாரும் பேசாத பேச்சு. அம்மையார் ஃபோனை வைத்துவிடவில்லை. மருமகன் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் முடியுமுன் செமிசி போய்விட்டார். படகு துறைமுகத்துக்குள் நுழையும் கடைசிப் பகுதி பாட்டில் இல்லை. அம்மையார் அதை எழுதி நிரப்பவும் இல்லை. அவன் சொல்லாத வழி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அதன்பின் வெகுகாலம் குழுவில் நின்று உதட்டை மட்டும் அசைத்தார். நாமும் பார்த்தும் பாராததுபோல் இருந்தோம்.

அந்த மௌனத்தை உடைத்தவர் எலேனோவா. புற்றுநோயில் கிடந்த இளம் தாய். மகள் வளர்ந்தபின் கேட்க ஒரு பாட்டு வேண்டும் என்று சொல்லியனுப்பினார். அம்மையார் போனார். தான் எழுதவில்லை, எலேனோவாவைச் சொல்லவைத்தார். பிறகு எத்தனை வீடுகள்! ஒரு பெரியவர் தன் பன்றியைப் பற்றித்தான் பாட்டு வேண்டும் என்று அடம்பிடித்தார். அதையும் அவரோடு சேர்ந்து கட்டினார், சிரிக்காமல். வலிக்கு நான் மருந்து கொண்டுபோனேன். ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் நடுவே கிடக்கும் நேரத்துக்கு அவர் ஒரு வேலை கொண்டுபோனார்.

பிறகு அம்மையார் வயிற்றிலேயே கட்டி வந்தது. தம்பியைப்போல இங்கேயே இருந்துவிடுவார் என்று நினைத்தேன்.

“நான் செமிசி இல்ல லூப்பே. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும்” என்றார்.

ஆக்லாந்து போனார். யார் வீட்டுக்கு? பிலிமோனே வீட்டுக்கு. சிகிச்சை அவருக்கு ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் தந்தது. அதற்குமேல் வேண்டாம் என்று அவரே நிறுத்தினார். கடைசிவரை கஞ்சி ஊட்டியது அந்த மருமகன்தான். அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்கப் போனபோது அத்தை தடுத்தாராம்.

“அத என்கிட்ட சொல்லாத. பாட்டுல வை.”

பாட்டே வராது என்றவரை உட்காரவைத்து, வரி வரியாகச் சொல்லவைத்திருக்கிறார்.

நண்பர்களே, அம்மையாரின் வேலை நிற்காது என்று குழுவின் சார்பில் உறுதி கூறுகிறேன். வெறும் வாய்ச்சொல் அல்ல. ரொட்டிக்கடை ஒபேட்டி படுக்கையில் இருக்கிறார். அவரே நம்மை அழைத்திருக்கிறார். திங்கள்கிழமை போகிறோம். என்னோடு வருகிறவர்கள் இங்கேயே சொல்லிவிட்டுப் போங்கள்.

பிலிமோனே, அத்தையின் சாவில் மருமகன் கிழிந்த பாய் கட்டி அடுப்படியில்தான் நிற்க வேண்டும் என்பது நம் வழக்கம்; இன்று மட்டும் அங்கிருந்து உள்ளே வாருங்கள். அத்தைக்காகக் கட்டிய அந்தக் கிழிந்த பாயோடே வாருங்கள். குழுவினரே, அத்தை சொல்லவைத்த அந்தப் பாட்டை அவர் தனியாகப் பாட விரும்புகிறார். சுருதி விலகும். யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.