ஒண்ணும் மாறலையே, நாகா

ஐயோ, சிரிக்காதீங்கோ மேடம், சத்தம் உள்ள போயிடும். அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் ஜெய்ராம் புரொஜெக்டரோட மல்லுக்கட்டிண்டிருக்கார். என்ன, இன்னொரு தடவையா? சரி, மெதுவா. முதல்ல தொண்டையைச் செருமணும். ஹ்ம். ஹ்ம். அப்பறம் கண்ணாடியை நெத்திக்கு ஏத்தணும். அப்பறம் ஒரு இடைவெளி. அதுல அவசரப்படவே கூடாது, ஆபீஸ் மொத்தமும் திரும்பிப் பாக்கணுமோல்லியோ. பாத்தாச்சா? இப்ப: ஒண்ணும் மாறலையே, நாகா!

ஆமா, அப்படியே இருக்கும். ரெண்டு வருஷமா தினம் கேட்டேனே. ஒருநாள் இதே குரல்ல கேன்டீனுக்கு போன் பண்ணி ஃபிஷ் ஃப்ரை சொல்லிட்டேன். மனுஷன் சுத்த சைவம். தட்டை அவர் மூக்குக்குக் கீழ வெச்சுட்டு, இன்னும் கொஞ்சம் கடுகுக் காசுந்தி ஊத்தட்டுமா தாதான்னு கேக்கறான் கேன்டீன்காரன்! இன்னிவரைக்கும் யார்னு கண்டுபிடிக்கலை.

நானா, நாகலட்சுமி. ஆபீஸ்ல நாகா-தி. இங்க அண்ணான்னா தாதா, அக்கான்னா தி. பொறந்தது வளந்தது எல்லாம் இந்த ஊர்தான், காளிகாட் மெட்ரோ பக்கத்துல வீடு. நீங்க வந்து ஒரு மாசம்கூட ஆகலையா? அதான் தமிழ்ல பேசினதும் முகம் அப்படி மலந்துது.

ஜெய்ராம் எங்க டீமுக்குத் தலை. உங்க படகு சர்வீஸ் வெப்சைட், அந்த ஃபெர்ரி சைட்டைப் பண்ணினது நாங்க. நாங்கன்னா, கோட் எழுதினது நான், பேர் அவரோடது. அடியில இருக்கறது ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். யார் வேணா எடுத்து இஷ்டப்படி மாத்திக்கலாம். எப்படிப் பண்ணணும்னு ஊருக்கே படிக்கறாப்ல எழுதியும் வெச்சிருக்கா. படிக்கணும், அவ்வளவுதான்.

அதுல கேஷ்னு ஒண்ணு உண்டு. துட்டு இல்லை, இது வேற. ஒரு தடவை தயார் பண்ணின பக்கத்தை அப்படியே எடுத்து வெச்சுக்கும். அடுத்த ஆள் கேட்டா புதுசாப் பண்ணாது, வெச்சதையே நீட்டும். எங்க தெரு முக்குல கச்சோரிக் கடை இருக்கு. கூட்டம் வரச்சே பொரிச்சு வெச்சதை எடுத்து எடுத்துக் குடுப்பான், வரிசை மளமளன்னு நகரும். ஆனா உப்புப் பாக்கணும்னா? அப்ப பொரிச்சதைன்னா வாயில போடணும்! பழசைக் கடிச்சுட்டு, உப்புப் போட்டும் ஏறலையேன்னா? அதான் வேலை நடக்கறச்சே கேஷை அணைச்சு வெக்கணும், லைவ் போறச்சே, அதான் ஊருக்கே திறந்து விடறச்சே, போட்டுடணும். இவ்வளவுதான் மேடம், இதுல என்ன இருக்கு?

ஜெய்ராம் மெஷின்ல அது போட்டே இருந்துது. நான் கார்த்தால ஒண்ணைச் சரி பண்ணி அனுப்புவேன். அவர் திறந்தா பழைய பக்கம்தான் வரும். ஹ்ம், ஹ்ம், ஒண்ணும் மாறலையே நாகா! சார், கேஷ் க்ளியர் பண்ணிட்டுப் பாருங்கோம்பேன். சாக்குச் சொல்லாதீங்க நாகாம்பார். சுத்தி பெங்காலிப் பசங்க எல்லாம் தலையைக் குனிஞ்சுப்பா, எனக்காக அவாளுக்கு வெக்கம். அவர் சாப்பிடப் போனதும் நானே போய் க்ளியர் பண்ணிட்டு வருவேன். சாயங்காலம் புதுப் பக்கம் தெரியுமா, உடனே க்ளையன்ட்டுக்கு போன். நாகா திணறிண்டிருந்தா, நானே உக்காந்து முடிச்சுட்டேன். என் காதுபட மேடம், என் காதுபட!

கோவம் வராதா? வந்துது. ஆனா அப்ப ஒரு அசட்டுக் காரியம் பண்ணினேன். நல்லது பண்ணினேன். அவரவர் மெஷினுக்குன்னு தனியா ஒரு செட்டிங்ஸ் ஃபைல் உண்டு. கேஷ் வேண்டாம்னு சொல்ற வரியெல்லாம் அதுல ரெடியா இருக்கும், முன்னாடி ஒரு ஹேஷ் குறியைப் போட்டுத் தூங்க வெச்சிருப்பா. குறியை அழிச்சா வரி முழிச்சுக்கும். அவர் மெஷின்ல அதைப் பண்ணிட்டேன், அவர்கிட்ட சொல்லாம. சனியன், இனிமே கத்தலாவது இருக்காதேன்னு.

கத்தல் நின்னுது. வித்தை ஆரம்பிச்சுது! எதை மாத்தினாலும் உடனே தெரியறதோல்லியோ, எல்லாம் தன் கைராசின்னு நினைச்சுண்டுட்டார். க்ளையன்ட் வந்தா சட்டைக் கையை மடிச்சு விட்டுண்டு, சொல்லுங்க சார், என்ன மாத்தணும், உங்க கண்ணு முன்னாடியே மாத்தறேன். டக்கு டக்குன்னு கோட் ஃபைலைத் திறந்து ரெண்டு வார்த்தை அடிச்சு, ரிஃப்ரெஷ்! ஆஹா. கைதட்டல். நான் மூலைல நின்னுண்டு டீ குடுத்துண்டிருப்பேன்.

போன வாரம் எல்லாரையும் கூட்டி வெச்சுச் சொன்னார். நாகாவுக்கு வேகம் போறாது. நான் நேரடியாக் கவனிக்க ஆரம்பிச்சதுக்கு அப்பறம்தான் வேலையே நடக்கறது. ஃபெர்ரி சைட் லைவ் ஆன கையோட நாகா ரிலீவ் ஆயிடுவா, இனிமே நம்ம டீம்ல இருக்கற வருண் பாத்துப்பான். அப்பவும் அந்த இடைவெளி விட்டார் மேடம். யாராவது கைதட்டுவாளோன்னு பாத்தார். யாரும் தட்டலை. வருண்கூட.

ஆமா, அந்த லைவ்தான் இன்னிக்கு. இதோட என் வேலை போச்சு. க்ளையன்ட் முன்னாடி நீங்க வர வேண்டாம், வெளில உக்காந்திருங்க, ஏதாவதுன்னா கூப்பிடறேன்னுட்டார். அதான் இந்த பெஞ்ச்.

சேச்சே! சைட்டுல நான் ஏன் கை வெக்கறேன்? பயப்படாதீங்கோ, நீங்க ஆயிரம் பேரை ஒரே சமயத்துல விட்டாலும் தாங்கும். எப்படி இருக்கணுமோ அப்படிப் பண்ணிக் குடுத்திருக்கேன். லைவ்ல கேஷ் போட்டிருக்கு. நேத்து அவர் மூஞ்சிக்கு நேராவே சொன்னேன், சார், லைவ்ல கோட் ஃபைலைத் தொட்டா உடனே தெரியாது, க்ளியர் பண்ணினாதான் வரும்னு. என்ன சொன்னார் தெரியுமா? ஹ்ம், ஹ்ம். எனக்கே பாடமா நாகா? வருணுக்கும் தெரியாது. இவகிட்ட ஒண்ணும் கேக்காதேன்னு அவனை அடக்கி வெச்சிருக்கார்.

ஆனா ஒரு கஷ்டம் மேடம். யாரும் எதையும் மாத்தச் சொல்லலைன்னா டெமோ ஜம்முனு முடிஞ்சிடும். எல்லாம் சரியா இருக்கே, நான்தானே பண்ணினேன். கை குலுக்கிண்டு, மிஷ்டி தோய், அந்த இனிப்புத் தயிர், சாப்பிட்டுட்டுப் போயிடுவா.

அதனாலதான் உங்க கழுத்துல தொங்கற அட்டையைப் பாத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்தேன். டெமோவுக்கு ஓகே சொல்லப்போற ஆபீசரே நீங்கதானே.

பெரிசா ஒண்ணும் கேக்க வேண்டாம். மேல இருக்கற தலைப்புல ஒரு வார்த்தை நன்னா இல்லை, மாத்த முடியுமான்னு ஒரு வரி கேளுங்கோ, போறும். உங்க சைட்டு, கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. அவர் சட்டைக் கையை மடிப்பார். மாத்துவார். ரிஃப்ரெஷ் பண்ணுவார். மறுபடி பண்ணுவார். அப்பறமும் பண்ணுவார். எல்லாரும் ஸ்க்ரீனைப் பாத்துண்டிருப்பா, நீங்க அவர் மூஞ்சியைப் பாருங்கோ, எனக்காக.

அப்பறம் அதைச் சரி பண்றதுக்கா? ஒரு கமாண்ட் மேடம், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடும். அவர் வெளில வந்து, நாகா, எனக்குத் தெரியலை, இதைப் பண்ணினது நீங்கதான்னு எல்லார் காதுலயும் விழறாப்ல சொல்லட்டும், உடனே எழுந்து வரேன்.

சொல்லமாட்டார். சொல்ல வேண்டாம்னுதான் கார்த்தாலேர்ந்து வேண்டிண்டிருக்கேன். போங்கோ, கூப்பிடறா.