பட்லர் மேல் பழி போடாதீர்கள்

பத்துமலை: கல்லுமலை முருகன் மேல சத்தியமாச் சொல்றேன் லத்தீபா. இனிமே நான் பேசப்போற ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

லத்தீபா: அப்ப இதுவரைக்கும் பேசினது?

பத்துமலை: அது... சாதாரணப் பேச்சு.

லத்தீபா: அண்ணே, இது வாடகை லைப்ரரி, கோயில் இல்ல. தோட்டத்த வித்துட்டுக் கப்பலேறின துரைங்க போட்டுட்டுப் போன துப்பறியும் கதை, பன்னெண்டு. பன்னெண்டுலயும் கடைசிப் பக்கத்தக் காணோம். பன்னெண்டையும் எடுத்துட்டுப் போனது ரெண்டே பேரு. நீங்க, மாயாண்டி அண்ணன். ஒருத்தர் கார்டக் கிழிக்காம இன்னிக்குக் கடையப் பூட்ட மாட்டேன்.

பத்துமலை: கிழிக்கிறதா? ஐயோ, என் கையில இருக்கிற புத்தகத்துல இன்னும் பொணமே விழலயேம்மா! இப்பத்தான் டீ குடிக்கிறாங்க.

லத்தீபா: அந்தக் கவலைய வெளியில நின்னு படுங்க. ஈப்போவுல வேற எவன் இந்த மாதிரிப் புத்தகம் தர்றான்னு பார்க்கலாம்.

பத்துமலை: என் மேல சந்தேகப்பட என்ன ஆதாரம்?

லத்தீபா: நீங்க பங்களாவுல பட்லரா இருந்தவரு.

பத்துமலை: பார்த்தியா! பார்த்தியா! முப்பது வருஷம் இதத்தான் கேட்டேன். சாவி காணோமா? பட்லர். சாராயம் குறைஞ்சுதா? பட்லர். கதையிலயும் அப்படித்தான். சந்தேகம் பூரா பட்லர் மேல, கடைசில பார்த்தா கொன்னது பாதிரியார்.

லத்தீபா: எந்தக் கதையில பாதிரியார்?

பத்துமலை: அந்தப் பச்சை அட்டை.

லத்தீபா: அதுலதான் கடைசிப் பக்கமே இல்லயே அண்ணே.

பத்துமலை: அது... வந்து... பாதிரி...

லத்தீபா: என்ன, வாயில கொழுக்கட்டையா?

பத்துமலை: யூகம்மா, யூகம்! அதானே இந்தக் கதைங்களோட அழகு. தடயத்தையெல்லாம் நம்ம கண்ணு முன்னாலயே வெச்சிருப்பான். பேய் வந்து கொன்னுச்சுன்னு சொல்லக் கூடாது. கடைசி நிமிஷத்துல ரெட்டப் பிள்ளையக் கொண்டாரக் கூடாது. வெள்ளைக்காரன் சட்டமே போட்டு வெச்சிருந்தான்மா. மூளை உள்ளவனுக்குக் கடைசிப் பக்கம் தேவையே இல்ல.

லத்தீபா: தேவையில்லன்னுதான் கிழிச்சீங்களா?

பத்துமலை: குறுக்க பேசாத. மொத உலகச் சண்டையில கொத்துக் கொத்தாச் செத்தாங்க. ஏன், எதுக்குன்னு கேக்க நாதியில்ல. சண்டை முடிஞ்சதும் அவங்களுக்கு ஒரு ஆசை. ஒரே ஒருத்தன் சாகணும். நல்ல வீட்டுல, கம்பளத்து மேல, காரணத்தோட சாகணும். ஒரு ஆளு வந்து பொறுமையா விளக்கணும். அப்புறம் எல்லாரும் சாப்பிடப் போகணும்.

லத்தீபா: அது அவங்களுக்கு. எழுபத்தெட்டாம் வருஷத்துலயும் இதையே கட்டிக்கிட்டு அழற உங்களுக்கு என்ன?

பத்துமலை: நம்ம தோட்டத்து லயத்து வீட்டுல ஒருத்தன் செத்தா, "காய்ச்சல்"னு கணக்கெழுதுற கிராணி ஒரே வார்த்தையில எழுதி முடிச்சிருவான். இங்க ஒரு சாவுக்கு முந்நூறு பக்கம் விசாரிக்கிறான். படிக்கச் சுகமா இருக்கும்மா.

லத்தீபா: ...கண்ணு கலங்க வெச்சுத் தப்பிக்கலாம்னு பார்க்காதீங்க.

பத்துமலை: தப்பிக்கல. கேளு. முப்பத்தாறாம் வருஷம், பாகான் செராய் பக்கம் எங்க தோட்டம். கிறிஸ்மஸ். அடைமழையில பாலம் அடிச்சிட்டுப் போயிருச்சு. பங்களாவுல துரை, அவர் சம்சாரம், விருந்தாளி அஞ்சு பேரு, அதுல ஒருத்தர் பட்டாளத்து மேஜர். எவனும் வரவும் முடியாது, போகவும் முடியாது.

லத்தீபா: பொணம் விழுந்துச்சா?

பத்துமலை: வான்கோழி காணாமப் போச்சு.

லத்தீபா: அல்லாவே!

பத்துமலை: முழு வான்கோழி. பொன்னு மாதிரி வறுத்து மேசையில வெச்சது. காத்துல விளக்கு அணைஞ்சு, திரும்ப ஏத்துறதுக்குள்ள தட்டு காலி. அஞ்சு பேரும் துப்பறியும் கதைய மனப்பாடமாப் படிச்சவங்க. பூதக்கண்ணாடியோட வந்து என் வாயத்தான் மோந்து பார்த்தாங்க.

லத்தீபா: என்ன வாசனை?

பத்துமலை: ஏலக்காய்.

லத்தீபா: எப்பப் போட்டீங்க?

பத்துமலை: அப்பத்தான். அது முக்கியமில்ல. எல்லாரையும் ஹால்ல உட்கார வெச்சேன். "துரை, நாற்காலிய விட்டு எழுந்தது யாரு? மேஜர். கறி வேணாம்னு மொதல்லயே சொன்னது யாரு? மேஜர். வயிறு நெறைஞ்சவன்தானே வேணாம்பான்?" மேஜர் மூஞ்சி செவந்து போச்சு. பாலம் போட்ட அன்னிக்கே கெளம்பிட்டாரு.

லத்தீபா: சரி. அதுக்கும் என் புத்தகத்துக்கும்?

பத்துமலை: அதே முறைதான். புத்தகத்தத் திருப்பிக் கொடுக்கிறப்ப மாயாண்டி உன் கண்ணப் பார்த்திருக்கானா?

லத்தீபா: இல்ல... குனிஞ்ச தலை நிமிராமப் போவாரு.

பத்துமலை: கொலைகாரன் யாருன்னு கேட்டா?

லத்தீபா: தெரியாதும்பாரு.

பத்துமலை: தெரிஞ்சவன்தானே தெரியாதும்பான்!

லத்தீபா: அட... ஆனா அவரு ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனுஷன் அண்ணே.

பத்துமலை: எந்தக் கதையிலயும் அந்த மாதிரி ஆளுதான் லா செய்வான்.

லத்தீபா: ம்... சரி. மாயாண்டி அண்ணன் கார்டக் கிழிச்சாச்சு. இந்தாங்க உங்களுது. மன்னிச்சிருங்க, வீணாப் பழி போட்டுட்டேன்.

பத்துமலை: பரவாயில்ல, பழகிப்போச்சு. போய் அந்த டீ குடிக்கிறவங்களப் பார்க்கிறேன்.

லத்தீபா: அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். முழு வான்கோழிய அந்த மேஜர் ஒத்த ஆளா எப்படித் தின்னாரு?

பத்துமலை: அதான்மா நாப்பது வருஷமா எனக்கும் புரியல. அவரு சுத்த சைவம்.