மதியப் போட்டோவுக்குள் ஒரு பிரசவம்

படப்பையிலிருந்து தாம்பரம் போகும் பஸ்ஸிலேயே பிரசவம் நடக்கப்போகிறது என்று நம்பியவன் நான். முன் சீட்டில், புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்ட இரண்டு பெண்கள்.

"மதியப் போட்டோவுக்குள்ள புள்ள பொறந்துடணும்க்கா" என்றாள் இளையவள்.

நான் பதறிப்போய்த் தண்ணி பாட்டிலையும் துண்டையும் கையில் எடுத்துக்கொண்டேன். பிரசவத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ஆஸ்பத்திரில கீறது எம் பொண்ணுடி. அவ எதைத்தான் சட்டுனு முடிச்சிருக்கா?"

அப்போதுதான் மூச்சு வந்தது. இருவரும் நூறு நாள் வேலைக்காரர்கள். காலையிலும் மதியமும் வேலையிடத்தில் போட்டோ எடுப்பார்கள். ஒன்றில் முகம் இல்லாவிட்டாலும் அன்றைய கூலி போச்சு.

"நீயாவது திரும்பிப் போய் போட்டோவுக்கு நில்லுடி. நான் பாத்துக்கறேன்."

"உன்னைத் தனியா உட்டா டாக்டரம்மாவையே அழ வெச்சிடுவ."

போன் அடித்தது. அக்கா எடுத்துக் கேட்டுவிட்டு, சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

"இன்னாக்கா?"

"இன்னும் பொறக்கல. என்னையே கூப்ட்டுகினு கீறாளாம்."

தாம்பரத்தில் படப்பை பஸ் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. இளையவள் அதை ஒருமுறை பார்த்தாள். பிறகு இருவருமே ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோ ஏறினார்கள்.