விலாவில் ஒரு கட்டைவிரல்

பகலில் தூங்குகிறவனுக்குப் பெரிய எதிரி குக்கர் விசில்தான். சிங்கப்பெருமாள் கோயிலில் ரயில் பாதையை ஒட்டி எங்களுக்கு ஒற்றை அறை வீடு. நைட் ஷிஃப்ட் முடித்து ஏழரைக்கு வந்து படுப்பேன். ரயிலுக்கு எழமாட்டேன், விசிலுக்கு எழுந்துவிடுவேன். பக்கத்தில் படுத்திருக்கும் என் மகள் வைஷாலி எதற்கும் எழமாட்டாள். தொந்தரவில்லாத குழந்தை என்று நினைத்தேன். கொஞ்ச நாள் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

என் மனைவி வினிதா என் அக்கா மகள். பிறந்தபோதே எனக்கென்று பேசி வைத்த பெண். ப்ளஸ் டூ முடித்து நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். படித்துவிட்டால் என்னைக் கட்டமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால் அவசரப்படுத்தினேன். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால், புதுப்பட்டினத்தில் அக்கா வீட்டில், அக்கா எதிரிலேயே சொன்னாள்.

"மாமா, சொந்தத்துல கட்டினா பொறக்குற கொழந்தைக்குக் காது கேக்காம போவலாம்னு எங்க டீச்சர் சொன்னாங்க. நீயே வேணாம்னு சொல்லிடு."

"அப்படிப் பாத்தா நம்ம தெருவுல ஒருத்தனுக்கும் காது கேக்கக் கூடாதே" என்றேன். அக்கா சிரித்தாள். கடைசியில் வினிதாவும் சிரித்தாள். 1996இல் கல்யாணம் நடந்தது.

1998 தீபாவளியன்று வைஷாலிக்கு எட்டு மாதம். காலையில் வேலையிலிருந்து வந்து, தூங்கிக்கொண்டிருந்தவளைத் தோளில் போட்டபடி வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டுச் சின்னராசு பத்தடியில் அணுகுண்டு வெடி வைத்தான். எனக்குக் காது அடைத்துப்போனது. தோளில் அவள் மூச்சுகூட மாறவில்லை. இன்னொன்று வைக்கச் சொன்னேன். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வினிதாவுக்கும் சந்தேகம் வந்தது. குழந்தையை என் மடியில் உட்கார வைத்து, எனக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினாள். அந்தச் சத்தத்தில் என் கட்டைவிரல் குழந்தையின் விலாவில் அழுந்தியது. குழந்தை திரும்பினாள்.

"பாத்தியா மாமா, திரும்பிட்டா" என்று சொல்லிவிட்டு வினிதா அழுதாள். நான் பயந்துட்டேன் மாமா என்று என் தோளில் சாய்ந்தாள். கல்யாணமான இரண்டு வருஷத்தில் அவளாக என்மீது சாய்ந்தது அன்றுதான்.

முதல் முறை யோசித்துச் செய்யவில்லை. இரண்டாவது முறை யோசித்துத்தான் செய்தேன்.

வினிதா தண்ணீர் பிடிக்கப் போகும் நேரங்களில் பழக்கினேன். வலது விலா என்றால் வலப்பக்கம், இடது என்றால் இடப்பக்கம். சரியாகத் திரும்பினால் நான் சிரிப்பேன், அவளும் சிரிப்பாள். பத்தே நாளில் பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரக் குழந்தை.

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. செங்கல்பட்டில் ஒரு டாக்டர் பின்னால் நின்று கைதட்டினார், சாவிக்கொத்தை ஆட்டினார். குழந்தை என் மடியில்தான் இருந்தாள். மூன்று முறையும் திரும்பினாள். எதற்கும் சென்னையில் மிஷினில் பார்த்துவிடுங்கள் என்றார். லீவு கிடைக்காது என்று வினிதாவிடம் சொன்னேன். லீவு இருந்தது. அக்கா வசம்பு உரைத்து நாக்கில் தடவினாள். "அப்பனும் வாயத் தொறக்கமாட்டான், பொண்ணும் தொறக்கமாட்டுது. நல்லா வந்து சேந்துதுங்க" என்றாள்.

இப்படி மூன்று வருஷம் போனது.

2003இல் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பதினைந்தாவது நாள் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். இந்த முறை வினிதா என்னைக் கேட்காமலே சென்னைக்கு நாள் குறித்துவிட்டாள். அங்கே சத்தம் புகாத அறை ஒன்று இருந்தது. அம்மா மட்டும் உள்ளே வந்தால் போதும் என்றார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

வினிதா மடியில் வைஷாலி உட்கார்ந்திருந்தாள். ஒலிபெருக்கியில் என்னென்னவோ போட்டார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் எல்லோரும் தன்னிடம் எதையோ எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டாள். கையைப் பின்னால் கொண்டுபோய் வினிதாவின் கட்டைவிரலைப் பிடித்தாள். அதைத் தன் வலது விலாவில் வைத்து அழுத்தினாள். வலப்பக்கம் திரும்பிச் சிரித்தாள். பிறகு இடது விலாவில் வைத்து அழுத்தி இடப்பக்கம் திரும்பினாள்.

வினிதா தன் விரலைப் பார்த்தாள். அப்புறம் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். ஒன்றிரண்டு வயதிலேயே காதில் மிஷின் வைத்துப் பழக்கியிருந்தால் பேசியிருக்க வாய்ப்பு நிறைய. சத்தம் வந்து வந்துதான் காது நரம்புக்கு வேலை பழகும். வராத சத்தத்துக்காக மூளை இடம் பிடித்து வைத்திருக்காது, கண்ணுக்குக் கொடுத்துவிடும். இனி முயற்சி பண்ணலாம், ரொம்ப எதிர்பார்க்காதீர்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் வினிதா ஒன்றே ஒன்று கேட்டாள். "எப்பலேந்து மாமா தெரியும்?" நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. குழந்தையோடு புதுப்பட்டினம் போய்விட்டாள்.

காது கேளாதோர் பள்ளி விண்ணப்பத்திலும் அதே கேள்விதான் இருக்கிறது. "குறைபாடு பெற்றோருக்கு எப்போது தெரிந்தது?" வினிதா அதை மட்டும் நிரப்பாமல் என் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறாள். எழுதிவிட்டேன்: எட்டாவது மாதம். தகப்பனுக்குத் தெரியும். தாய்க்குத் தெரியாமல் தகப்பன் மறைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுப்பட்டினம் போகிறேன். வினிதா எழுந்து உள்ளே போய்விடுவாள். வைஷாலி ஓடி வந்து என் மடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கட்டைவிரலைத் தானே எடுத்து விலாவில் வைத்துக்கொள்வாள். அழுத்துவேன், திரும்புவாள். இத்தனைக்குப் பிறகும், கூப்பிட்டால் அவள் திரும்புவது என் ஒருவனுக்குத்தான்.